வியாபாரிகளாய் வந்தவர்கள்: வேற்றுக்கிரகச் சந்திப்புக் கதைகளில் பரிவர்த்தனையும் மறுப்பும்

வேற்றுக்கிரகவாசி என்றால் ஆக்கிரமிக்கத்தான் வருவான் என்பது 1898இல் எச்.ஜி. வெல்ஸ் போட்டுக்கொடுத்த பாதை. 'உலகங்களின் யுத்தம்' நாவலின் செவ்வாய்வாசிகளுக்கு மனிதர்களோடு பேச எதுவுமில்லை. மனித ரத்தம் தேவை, எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியர்கள் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்குச் செய்ததை வெல்ஸ் நாவலின் தொடக்கத்திலேயே ஞாபகப்படுத்திவிடுகிறார். அதனால் இது காலனியம் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துப் பயந்த கதை என்கிற வாசிப்பு இன்று பாடப்புத்தக சமாச்சாரமாகிவிட்டது. அதை மறுபடி சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. நான் பேச விரும்புவது இன்னொரு வரிசைக் கதைகளைப் பற்றி. இவற்றில் அந்நியர்கள் ஆயுதத்தோடு வருவதில்லை, சரக்கோடு வருகிறார்கள். அல்லது சரக்கு தேடி வருகிறார்கள்.

இந்த வரிசைக்கு நல்ல பெயர் உண்டு. ஆக்கிரமிப்பாளனுக்கு எதிரே நிற்பவன் வெறும் தடை. வியாபாரிக்கோ எதிரே நிற்பவன் எதையோ விரும்புகிறவன். உனக்கு என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டாக வேண்டும், அவன் எண்ணுகிற முறையைக் கற்றாக வேண்டும், அவனுக்கும் இச்சை உண்டு என்று ஒத்துக்கொண்டாக வேண்டும். ஆகவே மற்றமையை அங்கீகரிக்கிற கதையாடல் இதுதான் என்று தாராளவாதிகள் மெச்சுகிறார்கள். நம் இடதுசாரி நண்பர்களுக்கு இதே கதைகள் மூலதனத்தின் பகல் கனவு, பிரபஞ்சத்தையே சந்தையாக்கும் கருத்தியல். அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை. இரண்டு தரப்புமே கடைக்குள் போகாமல் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகின்றன என்பது என் புகார்.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் பண்டப் பரிவர்த்தனையின் பிறப்பிடத்தை ஒரு சமூகத்தின் நடுவில் வைக்கவில்லை. சமூகம் முடிகிற ஓரத்தில், அது அந்நியச் சமூகத்தைத் தொடுகிற இடத்தில் வைத்தார். வெளியே தொடங்கிய பரிவர்த்தனை பிறகு உள்ளே திரும்பி வந்து வீட்டு உறவுகளையும் மாற்றுகிறது என்பது அதன் தொடர்ச்சி. அப்படியானால் அந்நியனைச் சந்திப்பதும் பண்டம் பிறப்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு பெயர்கள். இடதுசாரி வாசகனுக்கு இந்தக் கதைகளில் நிறைய வேலை இருக்கிறது என்று சொல்ல இதுவே போதும்.

தாராளவாதியின் வாதத்தை முறிக்க தொதரோவ் இருக்கிறார். 1982இல் வந்த, அமெரிக்கா கைப்பற்றப்பட்டதைப் பற்றிய நூலில் அவர் காட்டுவது நமக்குச் சங்கடமான விஷயம். கொலம்பஸ் செவ்விந்தியர்களைப் புரிந்துகொள்ளவே இல்லை. கோர்த்தேஸ் புரிந்துகொண்டார். மலின்ச்சே என்ற பெண்ணை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு அஸ்டெக்குகளின் குறிகளையும் பயங்களையும் நம்பிக்கைகளையும் படித்தார். அழித்தவர் அவர்தான். ஆகவே 'வியாபாரி புரிந்துகொள்கிறான், ஆக்கிரமிப்பாளன் புரிந்துகொள்வதில்லை' என்ற பிரிவினை நிற்காது. புரிதலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாதென்றால் வேறெதை வைத்துப் பிரிப்பது?

ஹெரோடோட்டஸ் தன் நான்காவது புத்தகத்தில் ஒரு வியாபாரத்தைச் சொல்கிறார். கார்த்தேஜ் வணிகர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறங்கி, சரக்கைக் கடற்கரையில் வரிசையாக வைத்துவிட்டு, கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புகிறார்கள். புகையைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் வந்து, சரக்குக்கு ஈடாகத் தங்கத்தை வைத்துவிட்டுத் தூரமாக விலகிப் போகிறார்கள். வணிகர்கள் வந்து பார்ப்பார்கள். தங்கம் போதுமென்றால் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போதாதென்றால் தொடாமல் கப்பலுக்கே திரும்பிக் காத்திருப்பார்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். இரு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இப்படி நிஜமாக நடந்ததா என்று வரலாற்றாசிரியர்களில் சிலர் சந்தேகப்படுகிறார்கள், சந்தேகப்படட்டும். எனக்கு முக்கியம் அந்தக் கதையின் அமைப்பு. இதில் புரிதல் என்பதே கிடையாது. மொழி இல்லை, சிநேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தங்கத்தையோ சரக்கையோ தொடாமல் திரும்பிப் போகிற சுதந்திரம் இரு பக்கத்துக்கும் இருக்கிறது. கடற்கரையில் கிடக்கும் அந்த வெற்றிடம், யாரும் யாரையும் தொடாத அந்தத் தூரம்தான், வியாபாரத்தை வியாபாரமாக வைத்திருக்கிறது.

வேற்றுக்கிரக வணிகக் கதைகளை இந்த இடைவெளியை வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது என் தரப்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடிகிறதா? யாரால் முடிகிறது?

இந்த வகைக்கே பெயர் கொடுத்த கதை மர்ரே லெயின்ஸ்டருடைய 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்'. 'அஸ்டவுண்டிங்' இதழில் 1945 மே மாதம் வந்தது. கதை இவ்வளவுதான்: நண்டு நெபுலாவைப் பார்க்கப்போன மனிதக் கப்பல் 'லான்வபான்' அங்கே ஒரு கறுப்புக் கப்பலைச் சந்திக்கிறது. மனிதர்களுக்குச் சமமான அறிவுள்ள இன்னொரு இனம். வியாபாரம் தொடங்கினால் இரு நாகரிகங்களும் கொழிக்கலாம், சண்டை மூண்டால் ஒன்று அழியலாம். இந்தக் கணக்கு இரண்டு கப்பலிலும் தெரிந்தே இருக்கிறது. சிக்கல் திரும்பிப் போவதில்தான். யார் முதலில் ஊருக்குக் கிளம்பினாலும் மற்றவன் பின்தொடர்ந்து வந்து தாய்க்கிரகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எதிராளி நல்லவனாகவே இருக்கலாம், ஆனால் அதை நம்பி ஓர் இனத்தின் தலைவிதியைப் பணயம் வைக்க முடியாது. ஆகவே இருவரும் நகர முடியாமல் நிற்கிறார்கள். கடைசியில் வழி பிறக்கிறது. கப்பல்களை மாற்றிக்கொள்வது! நட்சத்திர வரைபடங்களையும் பின்தொடர உதவும் கருவிகளையும் அகற்றிவிட்டு அவன் கப்பலில் இவன், இவன் கப்பலில் அவன். இரண்டு பேருக்கும் மற்றவனுடைய தொழில்நுட்பம் முழுசாகக் கிடைக்கிறது. ஊர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பரிவர்த்தனையின் இவ்வளவு சுத்தமான வடிவத்தை அரசியல் பொருளாதாரப் பாடநூலில்கூடப் பார்க்க முடியாது. ஒரு கப்பலுக்கு ஒரு கப்பல், உபரியும் இல்லை தரகும் இல்லை. ஆனால் இந்தச் சமத்துவம் எதன் மீது நிற்கிறது? யோசனையைச் சொல்ல மனிதக் கப்பலின் தலைவன் வெறுங்கையோடு போகவில்லை. விண்வெளி உடையில் வெடிகுண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறான். போய் நின்றால், அவர்களும் இதே திட்டத்தோடு, இதே மாதிரி குண்டோடு, இவனுடைய கப்பலுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சிரிப்பு வருகிறது, கதைக்குள் இருக்கிறவர்களுக்கும் நமக்கும். ஹிரோஷிமாவுக்கு மூன்று மாதம் முன்னால் அச்சான கதை இது. பின்னால் இரண்டு வல்லரசுகள் நாற்பது வருஷம் வாழ்ந்துகாட்டிய பயத்தின் சமநிலை இங்கே வணிக ஒப்பந்தமாக ஒத்திகை பார்க்கப்படுகிறது. ஹெரோடோட்டஸின் கடற்கரை வெற்றிடம் இங்கே இல்லை. திரும்பிப் போகிற வழி அடைபட்டதால் பிறந்த வியாபாரம் இது. இரண்டு பேராலும் வேண்டாம் சொல்ல முடியாது. இரண்டு பேரின் முடியாமையும் ஒரே எடை என்பதால் மட்டுமே அது நியாயமாகத் தெரிகிறது.

கதை முடிவில் டாமி டார்ட் என்ற இளைஞன் இந்த இனத்தோடு ஒத்துப்போகலாம் என்கிறான். அவனுக்கு என்ன ஆதாரம்? அந்தப் பக்கம் தொடர்பாளனாக இருந்தவனுக்கு இவன் 'பக்' என்று பேர் வைத்திருக்கிறான். இருவரும் உட்கார்ந்து கெட்ட ஜோக்குகளைப் பரிமாறிக்கொண்டார்களாம். விமர்சகர்கள் இதை லெயின்ஸ்டரின் மானுடநேயம் என்பார்கள். என் கண்ணில் படுவது வேறு. அகச்சிவப்பில் பார்க்கிற, வாயால் பேசாமல் மின்னலைகளால் பேசுகிற ஒரு ஜந்துவிடம் கடைசியில் கண்டுபிடிக்கப்படுவது, கேலி பேசுகிற ஒரு அமெரிக்க ஆணைத்தான். மற்றமை அங்கீகரிக்கப்பட்ட கணத்திலேயே ரத்தும் ஆகிவிட்டது.

ஒரு கிளைச்செய்தி. 1996இல் 'ஸ்டார் ட்ரெக்: ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' என்ற படம் வந்தபின், லெயின்ஸ்டரின் வாரிசுகள் அந்தப் பெயர் தங்கள் வணிக முத்திரை என்று பாரமவுண்ட் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தச் சொற்றொடர் இப்போது எல்லோருக்கும் பொதுவான வகைப்பெயர் ஆகிவிட்டது என்று 2000இல் அமெரிக்க நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பண்டம் பொதுச்சொத்தாகிப் போன அபூர்வமான உதாரணம், இது நடந்ததும் அந்நியனைச் சந்திப்பதைக் குறிக்கும் சொல்லுக்கே.

லெயின்ஸ்டருக்கு மாஸ்கோவிலிருந்து பதில் வந்தது. இவான் யெஃப்ரெமோவ் 1950களின் கடைசியில் எழுதிய 'பாம்பின் இதயம்' கதையில், எதிர்காலப் பொதுவுடைமைச் சமூகத்தின் விண்கலம் 'டெல்லூர்' இன்னொரு விண்கலத்தைச் சந்திக்கப்போகிற நேரம். பயணிகள் பழைய நூலகத்திலிருந்து லெயின்ஸ்டர் கதையை எடுத்து வாசித்து, தன் காலத்துச் சந்தேகத்தையும் பேராசையையும் தூர எதிர்காலத்தின் மேல் ஏற்றி எழுதிய ஆள் என்று விமர்சிக்கிறார்கள். கதைக்குள்ளேயே இலக்கிய விமர்சனக் கூட்டம்! பிறகு சந்திப்பு நடக்கிறது. அந்நியர்கள் ஆக்ஸிஜனுக்குப் பதில் ஃப்ளோரின் சுவாசிப்பவர்கள். அவர்கள் காற்று இவர்களுக்கு விஷம், இவர்கள் காற்று அவர்களுக்கு. நடுவில் கண்ணாடிபோன்ற ஒரு தடுப்பை வைத்து, ஒருவர் உலகத்தை ஒருவருக்குப் படங்களாகக் காட்டிக்கொள்கிறார்கள். குண்டு கிடையாது, பேரமும் கிடையாது. லெயின்ஸ்டர் மறைக்கச் சொன்னதையெல்லாம் இவர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடித் தடுப்பு ரொம்ப அழகான விஷயம். கார்த்தேஜ் கடற்கரையின் இடைவெளி இங்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் யெஃப்ரெமோவால் அதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. அஃப்ரா தேவி என்ற உயிரியலாளர், ஃப்ளோரின் மனிதர்களின் பாரம்பரிய இயக்கத்தையே மாற்றி ஆக்ஸிஜன் சுவாசிக்கிற சந்ததியை உண்டாக்கலாமே, அப்போது இந்தத் தனிமை தீருமே என்ற யோசனையை வைக்கிறாள். அது அன்பில்தான் பிறக்கிறது, சந்தேகமில்லை. மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதியபோது, இலவசமாகத் தெரிகிற கொடை எப்படி வாங்குகிறவனைக் கட்டிப்போடுகிறது என்று காட்டினார். இங்கே கொடை உடலையே கட்டுகிறது. நீ எங்களைப்போல ஆகிவிட்டால் நமக்குள் தடுப்பு வேண்டாம். மாறுவது யார் என்று கவனியுங்கள். ஆக்ஸிஜன்காரர்கள் ஃப்ளோரினுக்கு மாறலாமே என்று அந்தக் கப்பலில் யாருக்கும் தோன்றவில்லை. வியாபாரத்தை ஒழித்துவிட்டால் மேலாண்மை ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பூமியில் நடந்தது என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடலாம். வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது சாமூதிரிக்குக் கொடுக்க வைத்திருந்தவை கோடுபோட்ட துணி, குல்லாய்கள், பவழம், கை கழுவும் பாத்திரங்கள், சர்க்கரை, எண்ணெய், தேன். பார்த்த அதிகாரிகள் சிரித்தார்கள். மெக்காவிலிருந்து வருகிற சாதாரண வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்கள். வாங்குகிறவன் சரக்கைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது, அதுவே அந்தச் சந்திப்பின் நிஜமான சமத்துவம். 1502இல் திரும்பி வந்தபோது காமா முஸ்லிம் வணிகர்களை வெளியேற்றச் சொன்னார். சாமூதிரி மறுத்தார். நகரத்தின் மேல் பீரங்கி பேசியது. இதே கதை இங்கிலாந்துக்கும் சீனாவுக்கும் நடுவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1793இல் மெக்கார்ட்னி கொண்டுபோன பரிசுகளையும் கோரிக்கையையும் பேரரசர் அலட்சியம் செய்தார், 1839இல் அபினி வேண்டாம் என்றதற்கு யுத்தம் வந்தது. வியாபாரம் எந்தக் கணத்தில் ஆக்கிரமிப்பாக மாறுகிறது என்று தேடுகிறவர்கள் பொதுவாக வியாபாரியின் பொய்யையும் சூழ்ச்சியையும் பார்க்கிறார்கள். நான் வாங்க மாட்டேன் என்ற பதிலை அவன் எப்படிக் கேட்டுக்கொண்டான் என்பதைப் பார்ப்பதில்லை.

இதை முழுசாகப் பார்த்த எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 'டான்' (1987), 'அடல்ட்ஹூட் ரைட்ஸ்' (1988), 'இமாகோ' (1989) மூன்றும் சேர்ந்த 'ஸீனோஜெனிஸிஸ்' வரிசையில் வருகிற ஓவன்காலிகள் தங்களை வியாபாரிகள் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சரக்கு மரபணு. அணு ஆயுதப் போரில் பூமி அழிந்தபின் மிஞ்சிய மனிதர்களைக் காப்பாற்றித் தங்கள் உயிருள்ள கப்பலில் தூங்க வைத்திருக்கிறார்கள். லிலித் இயாப்போ என்ற கறுப்பினப் பெண் 250 வருஷம் கழித்துக் கண்விழிக்கிறாள். அவள் உடம்பில் ஒரு தழும்பு இருக்கிறது, கட்டியை எடுத்துவிட்டோம் என்கிறார்கள். அவளுக்கு அது அம்மா வழியில் வந்த பயம். அவர்களுக்கோ புற்றுநோய் பெரும் பொக்கிஷம். வெட்டுப்பட்ட உறுப்பை மறுபடி வளர்க்கிற திறமை அதற்குள் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டார்கள். விற்கிறவளுக்குத் தன்னிடம் இருப்பது சரக்கு என்றே தெரியாது. வாங்குகிறவன் அவள் தூங்கும்போதே எடுத்தாகிவிட்டது. காலனிய வணிகத்தின் இலக்கணத்தை இத்தனை சிக்கனமாகச் சொன்ன இன்னொரு காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்கு வேண்டாம் என்று லிலித் சொல்கிறாள். ஜ்தாயா என்ற ஓவன்காலி, சாவு வேண்டுமானால் இப்போதே வலியில்லாமல் தருகிறேன் என்கிறான். கொடூரமாக அல்ல, பரிவோடுதான் சொல்கிறான். அவளால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறுப்பின் விலை உயிர் என்று ஆனபின் மிச்சமெல்லாம் 'சம்மதம்' என்று கணக்கில் எழுதப்படுகிறது. ஊலோய் என்கிற மூன்றாவது பாலினம் மனிதர்களோடு சேரும்போது, உன் வாய் மறுக்கிறது, உடம்பு ஒத்துக்கொள்கிறது, நான் உடம்பைக் கேட்கிறேன் என்கிற தர்க்கத்தை வைக்கிறது. 'டான்' முடிவில் லிலித்தைக் கேட்காமலே அவளைக் கர்ப்பமாக்குகிறது நிகாஞ்ச். நீ தயாராகத்தான் இருந்தாய், சொல்லத்தான் உன்னால் முடிந்திருக்காது என்பது அதன் விளக்கம். பெண்கள் இந்த விளக்கத்தைக் கேட்க வேற்றுக்கிரகத்துக்குப் போகத் தேவையில்லை.

லெயின்ஸ்டருக்கு வணிகமும் ஆக்கிரமிப்பும் இரண்டு கதவுகள், ஒன்றைத் திறந்தால் மற்றது மூடும். பட்லருக்கு அப்படியல்ல. அவர் 1979இல் 'கிண்ட்ரெட்' எழுதி அடிமைமுறைக்குள் போய் வந்தவர். அட்லாண்டிக் வழியாகச் சுமார் ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்ட அந்த நிகழ்வின் பெயரே 'வணிகம்'தான். மூதாதையர் சரக்குப்பட்டியலில் இடம்பெற்ற ஒரு எழுத்தாளர் வணிகம் என்ற சொல்லை எழுதும்போது அதில் வேறொரு வாசனை வரும். இதனாலேயே 'டான்' அடிமைக் கதை என்று பலரும் வாசித்து முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான்.

மீதியில்தான் பட்லரின் மேதமை இருக்கிறது. ஓவன்காலிகள் லாபம் பார்ப்பவர்கள் அல்ல. வித்தியாசம் அவர்களுக்குப் பசி. புது உயிரைக் கண்டால் கலக்காமல் இருக்க முடியாதபடி அவர்கள் செல்லுக்குள்ளேயே ஓர் உந்துதல் குடியிருக்கிறது. முக்கியமாக, ஒவ்வொரு வியாபாரத்திலும் அவர்களே மாறிப்போகிறார்கள். பழைய முகம் போகிறது, சொந்தக் கிரகம் என்பது எப்போதோ போய்விட்டது. லெயின்ஸ்டரின் மாலுமிகள் கப்பலை மாற்றினார்கள், ஆட்கள் மாறவில்லை. யெஃப்ரெமோவில் மாற வேண்டியவன் எதிராளி மட்டும். பட்லரில் வியாபாரியே சரக்கு. இதனால் அவர்களை வெல்ஸின் செவ்வாய்வாசிகளோடு சேர்த்துத் திட்டிவிட்டுப் போக நம்மால் முடியவில்லை. தன் அடையாளத்தைப் பணயம் வைக்கிறவனின் வன்முறையை எந்தச் சொல்லால் சொல்வது? கலப்பும் ஒட்டுயிரும் விடுதலை என்று பாடுகிற பின்நவீனத்துவ நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தூய அடையாளம் பொய் என்பது உண்மை. அதற்காக, கேட்காமல் கலப்பது நியாயமாகிவிடாது.

இந்த வாதத்தை என் கையில் கொடுத்ததும் பட்லரின் பிரதிதான். ஓவன்காலிகள் ஒவ்வொரு வியாபாரத்தின்போதும் மூன்றாகப் பிரிகிறார்கள். தின்ஸோ என்கிற பிரிவு கிரகத்தில் தங்கிக் கலக்கும். தோவாட் கலந்துகொண்டு கப்பலில் கிளம்பும். மூன்றாவது பிரிவான அக்ஜாய் கலக்கவே கலக்காது. வியாபாரம் தப்பாகப் போய்விட்டால் பழைய உருவில் இனம் மிஞ்ச வேண்டுமே, அந்தக் காப்பீடு. ஆக, வேண்டாம் என்று சொல்கிற உரிமை எவ்வளவு முக்கியமென்று ஓவன்காலிகளுக்கு நன்றாகத் தெரியும். தங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மனிதர்களுக்கு மலட்டுத்தனத்தைக் கொடுத்தார்கள். அவர்களோடு கூடினால் பிள்ளை, இல்லாவிட்டால் சந்ததியே கிடையாது. 'அடல்ட்ஹூட் ரைட்ஸ்' நாவலில் லிலித்தின் கலப்பு மகன் அகீன் இந்த இரட்டை அளவுகோலைக் கண்டுகொள்கிறான். மனிதர்களுக்கும் ஓர் அக்ஜாய் வேண்டும் என்று வாதாடுகிறான். அவனுக்குத் துணை நிற்பது, மனிதரோடு கலக்காத பழைய புழு உடலோடு இருக்கும் ஓர் அக்ஜாய் ஊலோய். மறுப்பின் மொழி மறுத்தவருக்குத்தான் புரிகிறது.

மூன்றாவது நாவல் 'இமாகோ' பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அதில் கதை சொல்வதே ஒரு கலப்பு ஊலோய். அதன் வாசனையும் தொடுதலும் எதிர்ப்பவர்களைக் கரைத்துவிடுவதைப்போல அந்த 'நான்' என்ற குரல் வாசகனையும் கரைக்கிறது. லிலித்தின் கோபம் தூரத்துச் சத்தமாகிவிடுகிறது. பட்லர் இதைத் தெரிந்தே செய்திருக்கலாம், விற்பவனின் வாயாலேயே கதையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட. ஆனால் முதல் இரண்டு நாவல்கள் திறந்துவைத்த காயத்துக்கு இது சீக்கிரமே மருந்து போட்டுவிடுகிறது. ஓவன்காலிகள் கடைசியில் கிளம்பிப்போகும்போது பூமி உயிரெல்லாம் உறிஞ்சப்பட்ட வெறும் பாறையாக மிஞ்சும் என்ற தகவலும் அந்த இனிப்புக்குள் மெல்லியதாகிவிடுகிறது.

அகீனின் வாதம் ஜெயிக்கிறது. விரும்பும் மனிதர்களுக்குப் பிள்ளை பெறும் சக்தியைத் திருப்பிக் கொடுத்துச் செவ்வாய்க்கு அனுப்ப ஓவன்காலிகள் ஒத்துக்கொள்கிறார்கள். புத்தியும் படிநிலை மோகமும் சேர்ந்த இந்த இனம் அங்கேயும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. தெரிந்தே ஒரு சாவுக்கு உதவுகிறோம் என்ற வேதனையோடுதான் அனுப்புகிறார்கள். மூன்று நாவல்களிலும் ஓவன்காலிகள் பதிலுக்கு எதையும் எடுத்துக்கொள்ளாமல் கொடுப்பது இது ஒன்றைத்தான், அதுவும் தங்களுக்குச் சரியென்று படாத ஒன்றை. வெல்ஸின் செவ்வாய்வாசிகள் கிளம்பி வந்த அதே கிரகத்துக்கு இப்போது மனிதர்கள் போகிறார்கள், ஒரு வியாபாரத்தை மறுத்துவிட்டு. லிலித் அந்தக் கப்பலில் ஏறவில்லை.